தண்ணீர் எடுக்கப் போனபோது

மே 20, திங்கள்

களமுகாம் அறிவிப்பு வந்துவிட்டது. ஜூன் முதல் தேதி கிளம்பிப் பத்தாம் தேதி திரும்புகிறோம். ஸ்காட்லாந்தின் வடமேற்கு மூலையில் கூடாரம் அடித்துத் தங்க வேண்டும். இரண்டிரண்டு பேராகப் பிரிந்து, அங்குள்ள பாறைகளை வரைபடமாக்க வேண்டும்.

வகுப்பில் பதினான்கு பேர். மற்றப் பதின்மூன்று பேருக்கும் இது முதல் முகாம். எனக்கு நாற்பத்திரண்டாவது. முந்தைய நாற்பத்தொன்றில் ஒன்றிலும் நான் மாணவன் இல்லை. சேலத்தில் ஒரு கல்லூரியின் நிலவியல் துறையில் முப்பத்து நான்கு வருடம் ஆய்வக உதவியாளனாக இருந்தேன். முகாம் என்றால் அரிசி மூட்டை ஏற்றுவது, அடுப்பு மூட்டுவது, பேராசிரியர்களின் பைகளைச் சுமப்பது, பாத்திரம் கழுவுவது எல்லாம் என் வேலை. நடுவில் கிடைத்த நேரத்தில் பாறைகளைப் பார்த்தேன். அவர்கள் தூக்கிப் போட்ட புத்தகங்களை அகராதி வைத்துப் படித்தேன்.

ஓய்வு பெற்றபின் நானே வரைந்த முப்பது வரைபடங்களைக் கட்டி இங்கே கிளாஸ்கோவுக்கு அனுப்பினேன். பட்டம் இல்லாவிட்டாலும் அனுபவத்தைப் பார்த்துச் சேர்க்கும் ஒரு வருட டிப்ளமோ. உதவித்தொகையும் தந்தார்கள். அறுபத்து மூன்று வயதில் மாணவன் ஆனேன்.

ஆகவே தீர்மானமாக எழுதி வைக்கிறேன். இந்த முகாமில் கரண்டியைத் தொட மாட்டேன். அடுத்தவர் பையைத் தூக்க மாட்டேன். யார் கேட்டாலும் சரி.

மே 21, செவ்வாய்

விடுதிச் சமையலறையில் கடுகு தாளித்தேன். தீ எச்சரிக்கை மணி அடித்து மூன்று மாடியும் மழையில் இறங்கி நின்றது. இந்த வருடத்தில் ஐந்தாவது முறை. தவறு மணியுடையது, கடுகுடையது அல்ல என்று விடுதிக் காப்பாளரிடம் மறுபடியும் எழுதிக் கொடுத்தேன்.

மே 23, வியாழன்

முகாமுக்கான உடல்நலப் படிவம். முழங்கால் வலி உண்டா என்று ஒரு கேள்வி. இல்லை என்று எழுதினேன். மலையில் ஏறும்போது வலி இல்லை. இறங்கும்போதுதான். அதை அவர்கள் கேட்கவில்லை.

இந்த முகாமில் நூற்றுக்கு அறுபது வாங்கியாக வேண்டும். கணினியில் வரைபடம் போடும் தாளில் முப்பத்தொன்று வாங்கித் தோற்றுவிட்டேன். மடிக்கணினியின் சுட்டி என் விரலுக்கு அடங்குவதில்லை. முகாமில் அறுபது எடுத்தால் அதையும் சரிக்கட்டிப் பட்டயம் தருவார்கள். எடுக்காவிட்டால் ஆகஸ்டில் கணினித் தாளை மறுபடி எழுத வேண்டும். அதிலும் தோற்றால் வெறுங்கையோடு சேலம்.

கொண்டுவர வேண்டியவை என்று ஒரு பட்டியலும் தந்தார்கள். தட்டு வாங்க வேண்டியதில்லை. என் எவர்சில்வர் தட்டு இருக்கிறது. விளிம்பில் என் பெயர் வெட்டியது. முப்பது வருடமாக எல்லா முகாமுக்கும் வந்த தட்டு.

மே 26, ஞாயிறு

என்னோடு ஜோடி சேர்த்திருப்பது செலஸ்டின் என்ற தூத்துக்குடிப் பெண். இருபத்து மூன்று வயது. கெட்டிக்காரி, வாய் கொஞ்சம் நீளம். முதலில் அங்கிள் என்றாள். நிறுத்தச் சொன்னேன். ஐயா என்றாள். அந்தச் சொல்லை நான் வாழ்நாளுக்கும் சேர்த்துச் சொல்லித் தீர்த்துவிட்டேன், என்னிடம் அது வேண்டாம் என்றேன். இங்கே பேராசிரியரையே இயன் என்று பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், நீயும் மாதையன் என்றே கூப்பிடு என்றேன். அரைமணி நேரம் முயன்றாள்.

"வாயில வரமாட்டேங்கு. எங்கம்மாவுக்குத் தெரிஞ்சா சூடு போட்டுருவாவ. பெரியப்பான்னு கூப்புடுதேன், கோவப்படாதீய."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அவள் அதற்குள் கூப்பிட ஆரம்பித்துவிட்டாள்.

மாலையில் பாவாயி அழைத்தாள். முகாம் பற்றிச் சொன்னேன். "ஏனுங்க, அங்க சமைக்கறது யாருங்க?" என்று கேட்டாள். நான் இல்லை என்றேன். "அப்ப பட்டினிதான் போங்க," என்று சிரித்தாள். என் மனைவிக்கு எல்லாம் சிரிப்பு.

ஜூன் 1, சனி

ஏழு மணி நேரப் பேருந்துப் பயணம். ஓட்டுநர் ஒரு பெண்மணி. பெயர் ஷீனா. ஐம்பத்தைந்து வயதிருக்கும். காலருகே ஒரு நாய். பத்து நாளும் எங்களோடுதான் தங்குவாராம், பேருந்திலேயே படுக்கை.

வந்து இறங்கியதும் மேலே இருந்த என் பையை இறக்கித் தரச் சொன்னேன். ஓட்டுநர்கள் செய்வதுதானே. அந்த அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏன், உங்க கைக்கு என்ன ஆச்சு? நல்லாத்தானே இருக்கு?"

நானே இறக்கிக்கொண்டேன். இந்த நாட்டில் யாருக்கும் யாரிடமும் பயம் இல்லை. நல்லது என்றுதான் இத்தனை நாள் எழுதி வந்திருக்கிறேன். சில சமயம் அதிகப்படியாகத் தோன்றுகிறது.

ஏரிக்கரையில் கூடாரம் அடித்தோம். முளைக்குச்சியை எல்லாரும் கல்லால் தட்டிக்கொண்டிருந்தார்கள். நான் நிலவியல் சுத்தியலால் நான்கே அடியில் முடித்தேன். வகுப்பே வேடிக்கை பார்த்தது. பக்கத்துக் கூடாரத்துக்கும் அடித்துக் கொடுத்தேன். அது பை தூக்குவதில் சேராது.

இரவு பத்தரைக்கும் வெளிச்சம். கண்ணில் துண்டைக் கட்டிக்கொண்டு படுக்கிறேன்.

ஜூன் 2, ஞாயிறு

 

காலையில் சாப்பாட்டுக் கூடாரத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தார்கள். சமையல், தண்ணீர், பாத்திரம் என்று தலைப்பு. அதன் கீழே செவ்வாய்க்கிழமைக்கு நேராக என் பெயர். பதினான்கு பேரில் நான் ஒருவன்தான் இதற்கு ஏற்றவன் என்று எப்படித்தான் கண்டுபிடித்தார்களோ. நெற்றியில் எழுதி ஒட்டியிருக்கிறதா? எட்டாயிரம் கிலோமீட்டர் கடந்து வந்தும் அடுப்படிதானா?

நேராகப் பேராசிரியர் இயன் கால்டரின் கூடாரத்துக்குப் போனேன். ஒட்டகம் போல உயரமான மனிதர், பல் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் படிக்க வந்தவன், சமைக்க வந்தவன் அல்ல, பெயரை எடுத்துவிடுங்கள் என்றேன். வாயில் நுரையோடு என்னையே பார்த்தார். காரணம் கேட்டார். சொல்ல விருப்பமில்லை என்றேன். சரி, பிரச்சினை இல்லை, வேறு ஏற்பாடு செய்கிறேன் என்றார்.

வெற்றிதான். ஆனாலும் காலை முழுவதும் கோபம் அடங்கவில்லை.

பிறகு பாறைக்குப் போனதும் சரியாகிவிட்டது. எங்களுக்குக் கொடுத்த பகுதியில் சாம்பல் நிறப் பாறை, அலை அலையாகக் கோடு போட்டது. இருநூற்றைம்பது கோடி வருடத்துக்கு மேல் வயது. நம் சேலத்துக் கரடு, குன்றுகளில் கிடப்பதன் ஒன்றுவிட்ட சகோதரன். கையை வைத்ததும் அடையாளம் தெரிந்தது.

ஜூன் 3, திங்கள்

எங்கள் பகுதியின் கேள்வி இதுதான். சாம்பல் பாறையைப் பிளந்துகொண்டு இரண்டு கருஞ்சுவர்கள் ஓடுகின்றன. உருகிய குழம்பு விரிசலில் ஏறி உறைந்ததால் உண்டானவை. ஒன்று வடமேற்காகப் போகிறது, மற்றொன்று கிழக்காக. இரண்டில் எது மூத்தது? அவை சந்திக்கும் இடத்தைப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். வெட்டியது இளையது, வெட்டுப்பட்டது மூத்தது. ஆனால் சந்திக்க வேண்டிய இடம் முழுவதும் கருப்புச் சேறு மூடிக் கிடக்கிறது. பீட் என்கிறார்கள். காலை வைத்தால் முழங்கால்வரை இறங்குகிறது. பத்து வருடமாக மாணவர்கள் தேடுகிறார்களாம். ஒருவரும் கண்டதில்லை. கண்டால் தனியாகத் தேடிக் கண்டதற்கென்று பத்து மதிப்பெண் வைத்திருக்கிறார் பேராசிரியர்.

நாள் முழுவதும் தேடினோம். கிடைக்கவில்லை. மிட்ஜ் என்று ஒரு பூச்சி, கொசுவுக்குப் பேத்தி போல. கூட்டமாக வந்து காதுக்குள் போகிறது. நான் கொண்டுவந்த வேப்பெண்ணெயைப் பூசிக்கொண்டேன். பூச்சி ஓடிவிட்டது. செலஸ்டினும் பத்தடி தள்ளி நடந்தாள்.

சாப்பிடும்போது என் தட்டைப் பார்த்துவிட்டு, "பேரெல்லாம் வெட்டி வச்சிருக்கிய. கல்யாணச் சீரா பெரியப்பா?" என்று கேட்டாள். துறையில் கொடுத்தது என்றேன். நிமிர்ந்துதான் சொன்னேன்.

ஜூன் 4, செவ்வாய்

மழையும் வெயிலும் மாறி மாறி. சுவர்கள் சந்திக்கவில்லை.

இன்றைய என் முறையை ஓட்டுநர் அம்மாள் செய்தார். அவர் பெயர் அந்தத் தாளிலேயே இல்லை, ஆனாலும் தானாக முன்வந்தாராம். மலைமேலுள்ள ஓடைக்குப் போய் இரண்டு கேனில் தண்ணீர் கொண்டுவந்து, பாஸ்தா அவித்துக் கொட்டினார். உப்பில்லை. உப்பு என்ற பொருள் உலகத்தில் இருப்பதே தெரியாதவர் சமைத்தது போல் இருந்தது. அவித்த நேரமும் அதிகம். என்னைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

தட்டில் போடும்போது அந்த அம்மாள் ஏதோ சொன்னார். தண்ணீருக்குப் போன இடத்தில் நாய் அருவிக்கு அடியில் இறங்கிவிட்டதாம், பிடிக்கப் போனபோது கருப்புக் கல்லுக்குள் கருப்புக் கல் புகுந்து சிலுவை மாதிரி கிடந்ததாம், அது எங்களுக்கு உபயோகமா என்று கேட்டார். பார்க்கலாம் என்றேன். சாப்பிட்டுத் தட்டை வைத்துவிட்டு வந்தேன்.

அந்தத் தாளில் செவ்வாய்க்கிழமைக்கு நேராக என் பெயரையடுத்து இன்னொரு பெயரும் இருந்ததாகச் செலஸ்டின் சொல்கிறாள். இயன். பேராசிரியர் இன்று அந்த அம்மாளோடு உட்கார்ந்து வெங்காயம் உரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டே பாத்திரமும் தேய்த்தார். மற்ற நாள்களில் மற்ற எல்லாருடைய பெயரும் உண்டாம்.

எனக்கு முன்பே தெரியும். அடுத்தவர் பெயரைப் படிப்பது என் வழக்கம் அல்ல, அவ்வளவுதான்.

ஜூன் 5, புதன்

கிடைத்துவிட்டது!

காலையில் செலஸ்டினை மேட்டில் நிறுத்திவிட்டு ஓடையை ஒட்டி ஏறினேன். அருவிக்கு அடியில், பக்கவாட்டில், ஒரு ஆள் படுக்கிற அகலத்துக்குச் சேறு கழுவிக்கொண்டு போயிருந்தது. அங்கே இரண்டு சுவரும் சந்திக்கின்றன. கிழக்குச் சுவர் மற்றதை வெட்டிக்கொண்டு போகிறது. வெட்டிய ஓரத்தில் குழம்பு சட்டென்று குளிர்ந்து கண்ணாடி போல நுண்ணியதாகி இருக்கிறது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். சந்தேகமே இல்லை. வடமேற்குச் சுவர்தான் மூத்தது.

நான் கத்திய கத்தலில் செலஸ்டின் விழுந்து எழுந்து ஓடிவந்தாள். பேராசிரியர் வந்தார். முட்டிபோட்டு உட்கார்ந்து பத்து நிமிடம் பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கு என்று குலுக்கினார். இத்தனை வருடம் யாருக்கும் இங்கே இறங்கத் தோன்றவில்லையே, உங்களுக்கு எப்படித் தோன்றியது என்று கேட்டார்.

அனுபவம் என்றேன்.

செலஸ்டின் அளவு நாடாவைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கும் பத்து மதிப்பெண் கிடைக்குமே, ஒரு வார்த்தை பாராட்டியிருக்கலாம்.

இறங்கும்போது முழங்கால் தகராறு செய்தது.

ஜூன் 6, வியாழன்

மழை. எழுத ஒன்றுமில்லை. இரவு தூக்கமும் இல்லை. வெளிச்சம்தான் காரணம்.

ஜூன் 7, வெள்ளி

சாப்பாட்டு நேரத்தில் ஒரு சிறு குழப்பம். இங்கே எல்லாருடைய தட்டையும் ஒரே தொட்டியில் போட்டுக் கழுவி ஒரே அடுக்காக வைத்துவிடுகிறார்கள். மதியம் என் தட்டைத் தேடினேன். காணவில்லை. பார்த்தால் பேராசிரியர் அதில் பீன்ஸைப் போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். விளிம்பில் இருந்த என் பெயர்மேல் கட்டைவிரல். குழம்பைக்கூட ரொட்டியால் வழித்துத் துடைத்தார்.

நான் நின்றுகொண்டே இருந்தேன். வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம், சாப்பிடுங்கள் என்றேன். கையில் கிடைத்த நீல எனாமல் தட்டில் சாப்பிட்டேன்.

அந்தத் தட்டைப் பற்றி எழுதியே விடுகிறேன். பெயர் வெட்டச் சொன்னது சேலத்தில் எங்கள் துறைத் தலைவர் ஏகாம்பரம். பாத்திரக் கடைக்கு என்னையே அனுப்பி வெட்டிக்கொண்டு வரச் சொன்னார். என் தட்டு மற்றத் தட்டுகளோடு கலந்துவிடக் கூடாதென்று. முகாமுக்குப் போகும்போது எல்லாத் தட்டும் பெட்டியில் போகும். என்னுடையது மட்டும் சாக்குப் பையில் தனியாக வரும். எல்லாம் சுத்தத்துக்காக என்றுதான் சொன்னார். அவ்வளவுதான் விஷயம்.

மாலையில் மேட்டில் ஏறினால் கைபேசிக்குச் சிக்னல் கிடைக்கும். பாவாயியிடம் கண்டுபிடித்ததைச் சொன்னேன். சந்தோஷப்பட்டாள். எப்படிங்க கண்டீங்க என்று கேட்டாள். அவளிடம் மறைத்துப் பழக்கமில்லை. ஓட்டுநர் அம்மாள் ஒருத்தி தண்ணீர் எடுக்கப் போன இடத்தில் ஏதோ பார்த்திருக்கிறாள், கல்லைப் பற்றி அவளுக்கு என்ன தெரியும், நான் போய்ப் பார்த்துத்தான் உறுதி செய்தேன் என்றேன்.



"ஏனுங்க. தொப்பூர்க் கரட்டுல நீங்களும் தண்ணிக்குத்தானே போனீங்க?"

சிக்னல் போய்விட்டது. சில சமயம் அப்படித்தான் போகும். நான் ஏதும் அழுத்தவில்லை.

ஜூன் 8, சனி

தொப்பூர் விவகாரத்தை எந்த நோட்டிலும் எழுதக் கூடாது என்று வைத்திருந்தேன். எழுதுகிறேன்.

1994, பிப்ரவரி. முகாமுக்குத் தண்ணீர் எடுக்கக் குடத்தோடு பள்ளத்தில் இறங்கினேன். அங்கே இரண்டு கருஞ்சுவர் வெட்டிக்கொள்ளும் இடத்தைக் கண்டேன். ஏகாம்பரம் சாரைக் கையைப் பிடிக்காத குறையாகக் கூட்டிப்போய்க் காட்டினேன். எது எதை வெட்டுகிறது என்பதையும் சொன்னேன். அடுத்த வருடம் அது ஆய்விதழில் வந்தது. அவர் பெயர், இன்னும் இரண்டு பேர் பெயர். கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் ஒரு வரி. முகாமில் சுவையான உணவு வழங்கிய திரு. மாதையனுக்கு நன்றி. அந்தத் தாளை இன்றும் வைத்திருக்கிறேன். முப்பது வருடமாக ஒருநாள் விடாமல் கோபப்பட்டிருக்கிறேன். கோபம்தான் என்னை அகராதியோடு உட்கார வைத்தது.

நான்காம் தேதி என்ன எழுதியிருக்கிறேன் என்று இன்று திருப்பிப் படித்தேன். உப்பில்லாததைப் பற்றி நான்கு வரி. கல்லைப் பற்றி, 'ஏதோ சொன்னார்'.

காலையில் செலஸ்டினிடம் விஷயத்தைச் சொன்னேன். உனக்கும் பத்து மதிப்பெண் போகும், ஆகவே உன்னைக் கேட்காமல் செய்ய முடியாது என்றேன். அவள் ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டே நிமிராமல் பதில் சொன்னாள்.

"எனக்கு அன்னைக்கே தெரியும். அவிய உங்ககிட்டச் சொல்லும்போது பின்னால தட்டோட நின்னது நாந்தானே. நீங்களாச் சொல்லுவியன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். நாளைக்கும் சொல்லலைன்னா நாஞ் சொல்லிருப்பேன்."

"இத்தனை நாள் ஏன் சும்மா இருந்தே?"

"பெரியப்பான்னு கூப்புட்டாச்சே. என்ன செய்ய?"

பிறகு பேருந்துக்குப் போனேன். ஓட்டுநர் அம்மாள் நாயின் காலில் முள் பிடுங்கிக்கொண்டிருந்தார். உங்கள் முழுப்பெயர் என்ன என்று கேட்டேன். சந்தேகமாகப் பார்த்தார். எதற்கு, புகார் எழுதவா, வேகமாக ஓட்டினேனா என்று கேட்டார். பாஸ்தா பற்றியா என்றும் கேட்டார். அது வேறு புகார், பிறகு எழுதுகிறேன் என்றேன். சிரித்தார். விஷயத்தைச் சொன்னேன். ஷீனா மக்லியாட் என்று எழுதிக் காட்டினார். ஆனால் தான் பார்க்கவில்லை, முதலில் பார்த்தது நாய்தான், நியாயம் என்றால் அதன் பெயரையும் போட வேண்டும் என்றார். நாயின் பெயர் பிஸ்கட்.

என் முறையில் ஏன் நீங்கள் சமைத்தீர்கள் என்று கேட்டேன். "ஒரு மனுஷன் அடுப்பப் பார்த்து அவ்வளவு பயந்து நான் பார்த்ததே இல்ல. ஏதோ காரணம் இருக்கும்னு நெனச்சேன்," என்றார்.

அது பயம் இல்லை என்று விளக்க ஆரம்பித்தேன். நேரம் ஆகிவிட்டது.

ஜூன் 9, ஞாயிறு

காலை ஆறு மணிக்கு எழுந்து இரண்டு கேனையும் எடுத்துக்கொண்டு ஓடைக்குப் போய்த் தண்ணீர் கொண்டுவந்து வைத்தேன். இது சமையல் அல்ல. கரண்டியைத் தொடவில்லை. ஷீனா கொதிக்க வைத்தபோது பக்கத்தில் நின்று உப்பு எவ்வளவு என்று மட்டும் சொன்னேன்.

பத்து மணிக்கு வாய்மொழித் தேர்வு. அருவிக்கு அடியில்தான். பேராசிரியர் கேட்பதற்கு முன் நானே சொல்லிவிட்டேன். இதைக் கண்டது நான் இல்லை, ஷீனா மக்லியாட், செவ்வாய்க்கிழமை, எனக்குப் பதிலாகத் தண்ணீர் எடுக்கப் போனபோது. அனுபவம் என்று நான் சொன்னது பொய்.

அவர் நோட்டில் ஏதோ அடித்தார். தேடிக் கண்டதற்கான பத்து மதிப்பெண்ணை இருவருக்கும் தர முடியாது, ஆனால் எது எதை வெட்டுகிறது என்று படித்துச் சொன்னதற்கான மதிப்பெண் முழுதாக உண்டு என்றார். ஷீனாவின் பெயரை அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் நன்றி என்று போட்டுவிடுங்கள், போதும் என்றார்.

போதாது என்றேன்.

அதுதான் நடைமுறை என்றார். அந்த நடைமுறை எனக்கு நன்றாகத் தெரியும், அதில் முப்பது வருடம் இருந்திருக்கிறேன் என்றேன். வரைபடத்தின் தலைப்பில் மாணவர் பெயர் மட்டுமே வரலாம் என்றார். அப்படியானால் என் பெயரை எடுத்துவிட்டு அவர் பெயரைப் போடுங்கள் என்றேன். அப்படிச் செய்தால் யாருக்கு மதிப்பெண் போடுவது என்று கேட்டார். அது உங்கள் கவலை என்றேன். செலஸ்டின் என் சட்டையைப் பின்னாலிருந்து இழுத்துக்கொண்டே இருந்தாள். மழை பிடித்துக்கொண்டது. ஒருவரும் நகரவில்லை.

கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார். களத்தில் பெயரில்லாத இடத்துக்கு வரைபவரே ஒரு பெயர் வைக்கலாம், அது வரைபடத்துக்கு உள்ளேயே வரும், அதை யாரும் அழிக்க முடியாது. இனி இங்கே வருகிற மாணவர்கள் எல்லாரும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

மடியில் பலகையை வைத்து, செலஸ்டின் குடை பிடிக்க, சிவப்பு மையால் எழுதினேன். மக்லியாட் சந்திப்பு. கண்டவர்: ஷீனா மக்லியாட், ஜூன் 4, தண்ணீர் எடுக்கப் போனபோது.

தண்ணீர் விஷயம் வரைபடத்தில் தேவையா என்று பேராசிரியர் கேட்டார். தேவை என்றேன்.

பக்கத்தில் ஒரு சின்ன நாயையும் வரைந்தேன். வரவில்லை, ஆடு போல இருக்கிறது. ஷீனா அதைப் பார்த்துவிட்டுப் பேருந்துக்குப் போய் வெகுநேரம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். மழையில் யாராவது கண்ணாடி துடைப்பார்களா?

ஜூன் 10, திங்கள்

திரும்பினோம். ஷீனா என் பையை மேலிருந்து இறக்கித் தந்தார். நான் கேட்கவில்லை. நாயை நான் தூக்கி இறக்கிவிட்டேன். அது பை அல்ல.

ஜூன் 14, வெள்ளி

மதிப்பெண் வந்துவிட்டது. செலஸ்டினுக்கு எழுபத்து மூன்று. எனக்கு ஐம்பத்தெட்டு.

இரண்டு குறைகிறது. அந்தப் பத்து இருந்திருந்தால் அறுபத்தெட்டு. கூட்டல் எனக்கும் தெரியும், யாரும் சொல்ல வேண்டாம். ஆகஸ்டில் கணினித் தாளை மறுபடி எழுத வேண்டும். செலஸ்டின் மாலைதோறும் வந்து சுட்டியைப் பிடிக்கக் கற்றுத் தருவாளாம், பதிலுக்குக் கடுகு தாளித்த சாம்பார் வேண்டுமாம். சமைக்க மாட்டேன் என்ற தீர்மானம் முகாமுக்கு மட்டும்தான், மே 20ஆம் தேதிப் பக்கத்தில் தெளிவாக இருக்கிறது. எரிச்சல் தீ எச்சரிக்கை மணிக்குத்தான்.

வடக்கைக் காட்டும் அம்புக்குறி இரண்டு பாகை சாய்ந்திருப்பதாக எனக்கு ஒரு மதிப்பெண் குறைத்திருக்கிறார். சாய்ந்திருக்கவில்லை. அவர் தாளைச் சாய்த்துப் பிடித்திருப்பார். மனு எழுதி விட்டேன்.

பாவாயியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஐம்பத்தெட்டையும் சொன்னேன். "போதுமுங்க," என்றாள். பிறகு, அந்த வரைபடத்தில் அந்தம்மா பேரு பெரிய எழுத்தா சின்ன எழுத்தா என்று கேட்டாள். பெரிய எழுத்து என்றேன்.

இன்றுதான் முகாம் பையைப் பிரித்தேன். துணிக்கு நடுவில் நீல எனாமல் தட்டு ஒன்று இருக்கிறது. என் தட்டு இல்லை. கிளம்பும் அவசரத்தில் மாறிவிட்டது. என்னுடையது துறைப் பெட்டியில் மற்றத் தட்டுகளோடு போயிருக்கும். நாளையே போய்க் கேட்டு வாங்க வேண்டும்.

அவசரமில்லை.